திங்கட்கிழமைத் தண்ணீர்

எவரெட் ஹாலிஸ்டரின் வீட்டிலிருந்து அவருடைய வங்கிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் மார்ஸ்டன் நகரத்து ஜனங்கள் அவரை நடக்க விட்டால்தானே! முடிதிருத்தும் கடைக்காரர் கத்தரிக்கோலும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்து, நூலக நிதிக்கு யாரைத் தலைவராகப் போடலாம் என்று கேட்பார். பூக்கடை அம்மாள் மெதடிஸ்ட் சர்ச்சின் கூரை ஒழுகுவதை நினைவுபடுத்துவார். சாரணர்களுக்குக் கூடாரம், மருத்துவமனைக்குப் புதுக் கட்டில் என்று தெருமுனைக்குத் தெருமுனை ஒரு கோரிக்கை காத்திருக்கும். அவர் எல்லோருக்கும் தொப்பியைத் தூக்கி, "குழுவில வச்சுப் பார்த்துடலாம்" என்பார். இண்டியானா மாநிலத்திலேயே இப்படி ஒரு நல்ல மனுஷன் கிடையாது என்று சொல்லிக்கொண்டு அவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

வங்கிக்கு அவர் தலைவர். சர்ச்சில் நிர்வாகக் குழுவுக்கும் அவரே தலைவர், ஞாயிறுதோறும் பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு எடுப்பவரும் அவரே. ஊரில் எந்தக் குழு கூடினாலும் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கும். இவ்வளவு பொறுப்புகளையும் ஒரு எதிரிகூட இல்லாமல் அவர் சமாளித்ததற்குக் காரணம், யாரிடமும் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லாததுதான். கடன் கேட்டு வருகிறவரை உட்கார வைத்து, காபி வரவழைத்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, "எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல, குழுதான் முடிவு பண்ணணும்" என்று தோளில் தட்டி அனுப்புவார். கொஞ்ச நாளில் ஒரு கடிதம் போகும். அதில் குழு வருந்தும். வந்தவர் குழுவைத் திட்டிக்கொண்டே எவரெட்டை வாழ்த்துவார். குழுவுக்குத் தலைவர் யார் என்று யோசிக்க யாருக்கும் தோன்றாது.

ஆனால் அந்த ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை, எவரெட் கடைத்தெருப் பக்கமே போகாமல், தானியக் கிடங்குக்குப் பின்னாலிருந்த சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வங்கிக்குப் போனார். அறைக்குள் போனவர் நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னலைத் திறந்தார், மூடினார். பேனாவுக்கு மை ஊற்றினார், ஏற்கெனவே ஊற்றியிருந்ததால் அது விரலெல்லாம் வழிந்தது. இன்னும் நாலே நாளில், வருகிற சனிக்கிழமை, ஊரின் புது நீச்சல் குளம் திறப்பு விழா. அதைக் கட்டிய குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

அந்தக் குளத்தைக் கட்டியதே ஒரு துக்கத்தால்தான். போன கோடையில், ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்தில் குளிக்கப் போன இரண்டு பையன்கள் மூழ்கிப் போனார்கள். ஒருவன் எவரெட்டின் வேதபாட வகுப்புக்கு வருகிற ஒருவரின் மகன், வெள்ளைக்காரப் பிள்ளை. இன்னொருவன் டெல்பர்ட், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் கறுப்பினக் குடும்பத்துப் பையன். இரண்டு பேரும் சிநேகிதர்கள். ஊரில் ஒன்றாக விளையாட இடமில்லை என்பதால்தான் யாரும் பார்க்காத அந்தப் பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு ஒரு கல்லறைத் தோட்டம், இன்னொருவனுக்கு இன்னொன்று. இரண்டு இடத்துக்கும் எவரெட் போய் வந்தார்.

அதற்குப் பிறகுதான் குளத்துக்குப் பணம் திரட்ட ஆரம்பித்தார்கள். பிப்ரவரி மாதத்தில் வருஷா வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்டு. அன்றைக்கு மட்டும் வெள்ளையர் சர்ச்சிலிருந்து ஒருவர் கறுப்பர்களின் சர்ச்சுக்குப் போய்ப் பேசுவார், அங்கிருந்து பாடகர் குழு இங்கே வந்து பாடும். எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு, சகோதரன் சகோதரி என்று அழைத்துக்கொண்டு, கேக் சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போவார்கள். மறுநாள் முதல் தண்டவாளம் தண்டவாளமாகவே கிடக்கும்.

இந்த வருஷம் எவரெட்தான் அந்தப் பக்கம் போனார். பிரசங்க மேடையில் நின்று, "இனிமே இந்த ஊர்ல எந்தத் தாயும் அந்தப் பள்ளத்துக் கரையில நிக்கக் கூடாது. இது மார்ஸ்டன் நகரத்து ஒவ்வொரு பிள்ளைக்குமான குளம்" என்றார். நடிப்பில்லை, மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அந்த ஜனங்கள் அவர் பேச்சை நம்பினார்கள். கோழி வறுத்து விற்றார்கள், பழம் வைத்த இனிப்பு அடை சுட்டு விற்றார்கள், வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் வாரக் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். குளம் எழும்பியது.

போன வியாழக்கிழமை குளத்துக் குழு கூடியது. வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை இரவு, பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால், திங்கட்கிழமை சாயங்காலம் மட்டும், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வந்து குளிக்கலாம். மற்ற நாட்களில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். ஒரு வாரத்து அழுக்கெல்லாம் சேர்ந்த தண்ணீர் அவர்களுக்கு, அவர்கள் கால் வைத்த பிறகு அது யாருக்கும் ஆகாது என்று சாக்கடைக்கு. இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தபோது யாரும் பேசவில்லை. எல்லோரும் எவரெட்டின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினார். மற்ற கைகளும் உயர்ந்தன.

பத்து மணிக்கு ஃப்ளாய்ட் ஸ்டெங்கர் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். பல் டாக்டர், சர்ச்சின் ஞாயிறு பள்ளிக்குக் கண்காணிப்பாளர், குளத்துக் குழுவின் செயலாளர், எவரெட்டுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர்.

"அந்தப் பக்கத்து ஜனங்ககிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"என்னப்பா இது! சனிக்கிழமை விழாவை வச்சுக்கிட்டு இன்னும் இல்லங்கிற?"

"நீயே போய்ச் சொல்லேன், ஃப்ளாய்ட்."

"நான் போனா பல்லைப் புடுங்க வந்திருக்கான்னு பயந்துக்குவாங்க. நீ போனா புடுங்கினதே தெரியாது. அந்தக் கை உனக்குத்தான் வாய்ச்சிருக்கு" என்று ஃப்ளாய்ட் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "தண்ணி மாத்துறதைப் பத்திச் சொல்லு. சுகாதாரத்துக்காகன்னு சொல்லு."

"யாரோட சுகாதாரம்?"

ஃப்ளாய்டின் சிரிப்பு நின்றது. "இதையெல்லாம் கூட்டத்துல கேட்டிருக்கணும். அப்போ உன் வாயில என்ன நான் பஞ்சா வச்சிருந்தேன்? இங்க பாரு, எனக்கு அவங்க மேல ஒரு வெறுப்பும் கிடையாது. எல்லாரையும் ஒண்ணா விட்டா நம்ம ஜனங்க ஒருத்தரும் நுழைவுச் சீட்டு வாங்க மாட்டாங்க. குளம் பாசி புடிச்சுப் போயிடும். அப்போ யாருக்கு லாபம்?"

எவரெட்டுக்குப் பதில் தெரிந்துதான் இருந்தது. ஆனால் விரலில் ஒட்டிய மையைத் துடைத்துக்கொண்டே, "சரி, இன்னிக்குப் போயிட்டு வரேன்" என்றார்.

தண்டவாளத்தைத் தாண்டிப் போனால் முதலில் தெரிவது பில்லப்ஸ் ஈமச்சடங்கு நிலையம். ஒடெஸா பில்லப்ஸ் கணவர் இறந்த பிறகு தனியாகவே அதை நடத்தி வந்தார். அந்தப் பக்கத்தில் யார் செத்தாலும் அவர்தான் பெட்டி தர வேண்டும், அவர் வண்டிதான் வர வேண்டும். டெல்பர்ட் அவருடைய தங்கை மகன். அவனையும் அவர்தான் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்தார்.

முன்னறையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மேஜை முழுக்க நீலத் துணி. எவரெட்டைப் பார்த்ததும் ஒடெஸா எழுந்து, அவருக்குக் குளிர்ந்த டீயும் மோர் சேர்த்துச் சுட்ட இனிப்பு அடையும் கொண்டுவந்து வைத்தார்.

"பார்த்தீங்களா மிஸ்டர் ஹாலிஸ்டர், பாதிப் பிள்ளைங்ககிட்ட நீச்சல் உடுப்பே இல்ல. சர்ச்சுப் பொம்பளைங்க எல்லாரும் சேர்ந்து தைக்கிறோம். ஒரே நிறம். கூட்டத்துல காணாமப் போனாலும் நம்ம பிள்ளைன்னு தெரியுமில்ல."

"ரொம்ப அழகா இருக்கு, ஒடெஸா." பிப்ரவரி மாதத்து மேடையில் 'சகோதரி பில்லப்ஸ்' என்று அழைத்தவர், மற்ற நாட்களில் அந்தப் பக்கத்துப் பெண்களை எல்லோரையும்போல வெறும் பேர் சொல்லித்தான் அழைப்பார்.

"சனிக்கிழமை காலையில சர்ச்சுல கூடி, வரிசையா நடந்தே வரப்போறோம். என் தங்கச்சி ஐடெல் முன்னால வர்றா. டெல்பர்ட் போனதுலேருந்து வாசப்படி தாண்டாதவ, நேத்து அவளா வந்து சின்னவளுக்கு உடுப்பு தைக்கத் துணி கேட்டா. நான் அழுதுட்டேன், போங்க."

எவரெட் டீயைக் கலக்கினார். அதில் கலக்க ஒன்றுமில்லை, சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

"ஒடெஸா, அது விஷயமாத்தான்... நாள், நேரம் பத்தியெல்லாம் சில ஏற்பாடு இருக்கு. குழு யோசிச்சுக்கிட்டிருக்கு."

தையல் இயந்திரத்துக்குத் திரும்பியிருந்த ஒடெஸாவின் கை நின்றது. "என்ன யோசனை?"

"பெரிசா ஒண்ணும் இல்ல."

"நான் துக்க வீட்டு ஜனங்களோட பேசிப் பேசிப் பழகினவ, மிஸ்டர் ஹாலிஸ்டர். ஒரு மனுஷன் சொல்ல வந்ததைச் சொல்லாம கோப்பையைக் கலக்கிக்கிட்டே இருந்தா எனக்குத் தெரிஞ்சுடும். எங்க பிள்ளைங்க சனிக்கிழமை தண்ணியில இறங்குமா, இறங்காதா?"

ஆமாம் அல்லது இல்லை. இவ்வளவுதான் கேள்வி.

"இறங்கும்னுதான் நான் நம்பறேன்."

"பிணவண்டி வாங்க உங்க வங்கியில கடன் கேட்டப்பவும் நீங்க இப்படித்தான் நம்புனீங்க. அப்புறம் கடுதாசி வந்துச்சு. இந்தத் தடவையும் கடுதாசி வருமா?"

"கடுதாசியெல்லாம் வராது" என்றார் எவரெட். அது ஒன்றுதான் அன்றைக்கு அவர் சொன்ன உண்மை. அடையில் ஒரு துண்டை விழுங்கிவிட்டு, பிரமாதம் என்று பாராட்டிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காரில் ஏறியதும் உடனே வீட்டுக்குப் போக மனம் வராமல் ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார். கல்குவாரிப் பாதை வந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது அவர் மனைவி வெர்னா, தட்டில் மாட்டிறைச்சி உருண்டையை அவர் இடமும் வலமுமாக உருட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒடெஸாகிட்ட சொல்லிட்டியா, எவரெட்?"

"சொல்ற மாதிரி சொன்னேன்."

"சொல்ற மாதிரின்னா?"

"அவங்க புத்திசாலி. புரிஞ்சுக்குவாங்க."

வெர்னா முள்கரண்டியைக் கீழே வைத்தார். "கல்யாணம் ஆனதுலேருந்து நீ என்கிட்டயும் ஒருதடவை கூட முடியாதுன்னு சொன்னதில்ல. ஃப்ளோரிடா போகலாமான்னு கேட்டேன், பார்க்கலாம்னே. இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்கோம். எனக்குப் பழகிப்போச்சு. ஆனா அவங்க பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாங்களே, அதை யோசிச்சியா? எழுந்து போன் பண்ணு."

எவரெட் எழுந்து போய்ப் போனில் எண்ணைச் சுழற்றினார். மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்ததும் வைத்துவிட்டார். "யாரும் எடுக்கல" என்று அவர் சொன்னதை வெர்னா நம்பவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

புதன் போனது, வியாழன் போனது. வங்கியில் ஒருவருக்குப் போட வேண்டிய கையெழுத்தை இன்னொருவர் தாளில் போட்டார். சர்ச் கூட்டத்தில் ஜெபம் செய்ய எழுந்தவர் பாதியில் வார்த்தை மறந்து ஆமென் சொல்லி உட்கார்ந்துவிட்டார். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தார். ஒருவேளை மழை வரலாம், விழா தள்ளிப்போகலாம் என்றுகூட வானத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஃப்ளாய்ட் தெருவில் பிடித்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டபோது, "போயிட்டு வந்துட்டேன்" என்றார். ஃப்ளாய்ட் முதுகில் ஓங்கித் தட்டி, "எனக்குத் தெரியும்ப்பா!" என்று சந்தோஷமாகப் போனார்.

சனிக்கிழமை மழை வரவில்லை. வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்தது. குளத்தைச் சுற்றிக் கொடித் தோரணம், பள்ளிக்கூடத்து பேண்டு, எலுமிச்சைச் சாறு, ஐஸ்கிரீம். தண்ணீர் நீலமாகத் தளதளத்தது. பிள்ளைகள் கரையில் குதித்துக்கொண்டிருந்தார்கள், பேச்செல்லாம் எப்போது முடியும் என்று. மேடையில் மேயருக்குப் பக்கத்தில் எவரெட் உட்கார்ந்திருந்தார். அவர் பேசி முடித்ததும் ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு.

அப்போது தெருமுனையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. துதிப்பாடல். பேண்டு வாசித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். நீல உடுப்பும் கழுத்தில் துண்டுமாகப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வந்துகொண்டிருந்தார்கள். ஓரங்களில் தாய்மார்கள், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியும் கையுறையுமாக. முன்னால் ஒடெஸா. அவர் பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண், ஐடெல், தன் சின்ன மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. தண்டவாளத்திலிருந்து அந்தக் கொதிக்கிற தார்ச்சாலையில் நடந்தே வந்திருந்தார்கள்.

வாசலில் நின்றிருந்த கல்லூரிப் பையன் சங்கிலியை மாட்டினான்.

ஃப்ளாய்ட் மேடையின் பின்னால் வந்து குனிந்து சீறினார். "சொல்லிட்டேன்னியே!"

"போயிட்டு வந்தேன்னுதான் சொன்னேன்."

"அடப்பாவி மனுஷா! இப்போ போய்ச் சொல்லு. எல்லாரும் பார்க்கறாங்க. சீக்கிரம்."

எவரெட் மேடையிலிருந்து இறங்கினார். சொல்ல வேண்டிய வாக்கியம் தயாராக நாக்கில் இருந்தது. வருந்துகிறோம், குழு ஏகமனதாக முடிவு செய்திருக்கிறது, திங்கட்கிழமை சாயங்காலம் உங்களை அன்போடு எதிர்பார்க்கிறோம். எத்தனையோ கடிதங்களில் எழுதிய மாதிரி வாக்கியம்தான்.

சங்கிலிக்கு அந்தப் பக்கம் ஒடெஸா வியர்வை வழிய நின்றிருந்தார்.

"மிஸ்டர் ஹாலிஸ்டர், இந்தத் தம்பி ஏதோ குழு முடிவு பண்ணியிருக்குன்னு சொல்லுது. யாரு அந்தக் குழு? எனக்கு அறிமுகப்படுத்தி வைங்க. நானே கேட்டுக்கறேன்."

எவரெட் திரும்பிப் பார்த்தார். ஃப்ளாய்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் வியாபாரம் செய்யும் இன்னொரு உறுப்பினர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளித் தலைமையாசிரியர் வானத்தை. ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. தானும் வாழ்நாளெல்லாம் இப்படித்தான் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஐடெல்தான் முதலில் பேசினார். குரல் எழும்பவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "என் பிள்ளையும் அந்தப் பிள்ளையும் ஒரே தண்ணியிலதான் செத்தாங்க, ஐயா. அந்தத் தண்ணியை யாரும் மாத்தலையே."

"நான்தான்" என்றார் எவரெட்.

"என்னது?" என்றார் ஒடெஸா.

"அந்தக் குழு நான்தான், மிஸஸ் பில்லப்ஸ். போன வாரம் கூட்டத்துல முதல்ல கை தூக்கினது நான். நான் தூக்கினதைப் பார்த்துத்தான் மத்தவங்க தூக்கினாங்க. உங்க பிள்ளைங்க திங்கட்கிழமை சாயங்காலம் அழுக்குத் தண்ணியில குளிச்சாப் போதும்னு முடிவு பண்ணினது நான். அதைச் சொல்லத்தான் உங்க வீட்டுக்கு வந்தேன். தைரியமில்லாம உங்க டீயைக் குடிச்சுட்டு ஓடிப்போயிட்டேன். தப்பு பண்ணிட்டேன். பெரிய தப்பு."

ஒடெஸா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மன்னித்த மாதிரியும் தெரியவில்லை, ஆச்சரியப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. "இதைச் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தா இந்தப் பிள்ளைங்க இந்த வெயில்ல நடந்து வந்து, ஊரே பார்க்க வாசல்ல நின்னிருக்க வேண்டாம். சரி, இப்போ என்ன பண்ணப் போறீங்க?"

எவரெட் சங்கிலியைக் கழற்றினார். கொக்கி உடனே வரவில்லை. கல்லூரிப் பையன் உதவலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

"எவரெட்! உனக்கு அந்த அதிகாரம் கிடையாது!" ஃப்ளாய்ட் ஓடிவந்தார். "தீர்மானத்தை மாத்தணும்னா கூட்டம் போடணும்."

"போடு. அந்தக் கூட்டத்துல என் கை என் மடியிலதான் இருக்கும். இப்போ வழியை விடு, பிள்ளைங்களுக்குக் கால் சுடுது."

பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். முதலில் தயங்கி, பிறகு தண்ணீரைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்து ஓடினார்கள். கரையில் நின்ற வெள்ளைக்காரத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைத் தோளைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு சிறுமி வரமாட்டேன் என்று அழுதாள். ஐஸ்கிரீம் கையோடு குடும்பம் குடும்பமாக வாசலைப் பார்த்து நடந்தார்கள். மேயருக்கு அவசரமாக வேறெங்கோ வேலை வந்துவிட்டது. சிலர் மட்டும் போகவும் மனமில்லாமல், இருக்கவும் துணிவில்லாமல் வேலியோரம் நின்றார்கள்.

ஃப்ளாய்ட் விசிலை எடுத்து ஊதினார். "குளம் மூடியாச்சு! காவலர்கள் எல்லாம் இறங்குங்க!" உயரமான நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த உயிர்காக்கும் இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

"ஒரே நாள்ல பேரைக் கெடுத்துக்கிட்டியே" என்றார் ஃப்ளாய்ட். அவர் கண்ணில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. "திங்கட்கிழமை பாதிப் பேர் உன் வங்கியிலேருந்து பணத்தை எடுத்துடுவாங்க. இந்த ஊர்ல உன்னைப்போல நல்ல பேரு யாருக்கு இருந்துச்சு?"

"அந்தப் பேரைக் காப்பாத்திக்கத்தான் நல்லவனா இருக்கிறதையே விட்டுட்டேன், ஃப்ளாய்ட். போனா போகட்டும்."

ஃப்ளாய்ட் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எவரெட் குளத்தைப் பார்த்து நின்றார். பெரிதாக ஒன்றைச் செய்துவிட்டோம் என்ற நினைப்பும், இனி என்ன ஆகுமோ என்ற பயமும் மாறி மாறி வந்தன.

"மிஸ்டர் ஹாலிஸ்டர்!" ஒடெஸாவின் குரல் அதட்டியது. "உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ என்ன வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கறீங்க? இந்தப் பிள்ளைங்களுக்கு எங்க நீச்சல் தெரியும்? யாரு சொல்லிக் குடுத்தா? காவலுக்கு இருந்தவனுங்களும் போயாச்சு. இறங்குங்க!"

அவர் தன் கோட்டைக் கழற்றினார். வெர்னா எங்கிருந்தோ வந்து அதை வாங்கிக்கொண்டார். "ஷூவையும் கழட்டு" என்று மட்டும் சொன்னார். கழுத்துப் பட்டையும் வெள்ளைச் சட்டையுமாக மார்ஸ்டன் நகரத்து வங்கித் தலைவர் தண்ணீரில் இறங்கினார். கால்சட்டை பொம்மிக்கொண்டு மேலே வந்தது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். கரையோரம் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஐடெலின் சின்ன மகளிடம் போய், "வாம்மா, பயப்படாதே. என் கை மேல படு" என்றார். அவள் அம்மாவைப் பார்த்தாள். ஐடெல் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையசைத்தார்.

குழந்தை அவர் கைகளின் மேல் மல்லாந்தாள். எவரெட் நிமிர்ந்து ஒடெஸாவைப் பார்த்தார். "மிஸஸ் பில்லப்ஸ், நீங்க என்னை..."

"மன்னிப்பெல்லாம் இப்போ கேக்காதீங்க" என்றார் ஒடெஸா. கையுறையைக் கழற்றிவிட்டுக் கரையில் உட்கார்ந்து, மற்ற பிள்ளைகளின் மேல் வைத்த கண் எடுக்காமல் பேசினார். "கெட்டவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியும். ஒதுங்கிப் போயிடுவோம். எங்களைக் கைவிட்டது நல்லவங்கதான். மனசுக்குள்ள பாவம்னு நினைச்சுக்கிட்டே வெளியே கையைத் தூக்கின நல்லவங்க. தப்புன்னு தெரிஞ்சா அந்த இடத்துலேயே வாயைத் திறந்து தப்புன்னு சொல்லணும். பொறவு உக்காந்து வருத்தப்பட்டா, அது ஒரு பிள்ளையையும் கரை சேர்க்காது."

எவரெட் தலைகுனிந்தார்.

"தலையை வீட்டுக்குப் போய்க் குனிஞ்சுக்கலாம்" என்றார் ஒடெஸா. "பிள்ளையைக் கெட்டியாப் புடிங்க."